இடதுகைக்காரன் கட்டிய ஈ

டெரிவோரா, மேயோ
18 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு, ஃபெஸ்டஸ் எழுதுவது.

இங்கே நானும் கோழிகளும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. படகுக்காரனுக்கு அது வியாதி இல்லை, வசதி. உன் இருமல் விட்டதா? கிளாஸ்கோ புகையில் அது எங்கே விடும்?

அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை நல்லபடியாக முடிந்தது. கீவ்னி சாமியார் பிரசங்கத்தை ஐந்தே நிமிடத்தில் முடித்தார். அம்மா மேல் ஊருக்கு இருந்த மரியாதை அதனால் இன்னும் கூடிவிட்டது.

ஊருக்கே திரும்பி வருவதாக அடக்கத்தன்று நீ சொன்னதை மறந்துவிடவில்லையே? மீன்பிடி விடுதிச் சமையல்காரி கேட்டி இந்த சீசனோடு விலகுகிறாள். நான் விடுதி முதலாளி லாம்பர்ட் அம்மாவிடம் பேசிவிட்டேன். "உங்க அக்கா வர்றதா இருந்தா சமையலறை அவளுக்குத்தான். செப்டம்பர் முப்பது வரைக்கும் வேற யாரையும் பாக்கமாட்டேன், அதுக்கப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார்கள். உனக்காக மேல் அறைக்குப் பச்சை வர்ணம் அடித்திருக்கிறேன். இந்த வீட்டில் தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுதிப் படகு நான்கையும் ஏரியில் இறக்கியாயிற்று. முதல் நாளே பல் டாக்டர் க்விக்லி டப்ளினிலிருந்து வந்து இறங்கினார். அவர் தூண்டிலில் சிக்கியது போன வருஷத்து சால்மன். முட்டையிட்டு ஓய்ந்து கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கிழம். பார்க்க வெள்ளியாய் மின்னும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அவர் கேட்டால்தானே!

"இது புது மீன்யா, கண்ணைத் தொறந்து பாரு!"

"சார், புது மீனுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கும். இதுக்கு உங்ககிட்ட வர்றவங்க மாதிரி வாய் மட்டும்தான் இருக்கு."

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான்.

தூண்டிலுக்கு வழக்கமான ஈ இரண்டு டஜன் அனுப்பு. கறுப்பு உடம்பு, வெள்ளிச் சரிகை. கடைக்காரர்கள் கொக்கியில் இறகும் நூலும் வைத்துக் கட்டுகிற ஈயை நம் ஏரி மீன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீ கட்டினால்தான் வாயைத் திறக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
ஃபெஸ்டஸ்

*

கிளாஸ்கோ
9 மார்ச் 1974

தம்பி ஃபெஸ்டஸுக்கு,

உன் கடிதமும் முழங்காலும் நலம் என்று அறிந்தேன். என் இருமல் போயிற்று. அது காலி செய்த இடத்தில் தலைவலி வந்து உட்கார்ந்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. முந்நூறு பேருக்குக் கஞ்சி கிளறுகிறவளுக்குத் தலை வலிக்காவிட்டால்தான் அதிசயம்.

பச்சையா அடித்திருக்கிறாய்? அடப்பாவி! ஊரில் தபால் பெட்டி எல்லாம் பச்சை, தபாலாபீஸ் கதவு பச்சை. நான் என்ன முத்திரை குத்தவா வருகிறேன்? வெள்ளை அடி. மிச்சப் பச்சையைக் கோழிக் கூண்டுக்கு அடித்துக்கொள்.

இரண்டு டஜன் ஈ இதோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உட்கார்ந்தால் ஒரே மூச்சில் பன்னிரண்டு கட்டிவிடுவேன். க்விக்லிக்கு ஒன்றுகூடக் கொடுக்காதே. போன வருஷம் பாதியை மரக்கிளைக்கு மாட்டிவிட்டுப் போனாரே, மறந்துவிட்டாயா?

வேலையை விடுவதாக ஜூனில் இங்கே சொல்லிவிடுவேன். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டு மாடிப்படி ஏறியாயிற்று, போதும். லாம்பர்ட் அம்மாவிடம் சொல், எனக்கு நன்றாக எரிகிற அடுப்பு வேண்டும். கேட்டி வைத்திருப்பது மாதிரிப் புகைகிற அடுப்பை நான் தொடமாட்டேன். நீ தனியாகச் சாப்பிடுகிறாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபிறகு அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் ஆறே மாதம்தான். உருளைக்கிழங்கை மட்டுமே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா சபைனா

*

டெரிவோரா
26 மே 1974

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டருக்கு ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இந்த மாதம் ஒன்று போட்டேன், அதற்கும் இல்லை. இது மூன்றாவது. நீ சுகமா? நீ தங்கியிருக்கும் வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள்ளாத மிஸஸ் மக்ஃபெயிலை நான் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

முந்தைய கடிதம் கிடைக்காமல் போயிருந்தால் என்று மறுபடியும் எழுதுகிறேன். புது சால்மன் ஏழு பிடித்தாயிற்று. ஐந்து உன் ஈயில். அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். பச்சை வெளியே தெரியாமலிருக்க மூன்று பூச்சு ஆயிற்று.

இப்போது மழையே இல்லை. ஆறு கல்லும் கல்லுமாய்க் கிடக்கிறது. மீன் எல்லாம் கடல் வாயிலில் நின்றுகொண்டு தண்ணீர் வருமா வருமா என்று பார்க்கிறது. நான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பதும் அதேபோலத்தான்.

ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

ஃபெஸ்டஸ்

*

கிளாஸ்கோ
9 ஜூன் 1974

தம்பிக்கு,

சுகம். கவலை வேண்டாம். வேலை அதிகம்.

இது தட்டச்சு. பழைய கடையில் ஒரு மெஷின் வாங்கினேன். பழகுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

ஈ ஆறு வைத்திருக்கிறேன். இந்த முறை ஆறுதான்.

விடுதி விஷயம் பார்க்கலாம். அவசரம் இல்லை.

நீ நன்றாகச் சாப்பிடு.

அக்கா

*

டெரிவோரா
27 ஜூன் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம் என்று தெரிந்ததில் என் வயிற்றில் பால் வார்த்தாய். ஆனால் உறையைப் பிரித்ததும் வரி ஆபீஸிலிருந்துதான் வந்துவிட்டது என்று பயந்தே போனேன். இத்தனை சுருக்கமாக நீ பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு எழுத்துக்கு ஒரு விரல் என்று தட்டுகிறாயா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆறு ஈயையும் படகில் வைத்துப் பிரித்தேன். பக்கத்தில் மார்ட்டின் ஜோ. உனக்குத் தெரியுமே, இன்னொரு படகுக்காரன், ஊர் வம்பு முழுக்க அவன் பையில் இருக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஃபெஸ்டி, இது உங்க அக்கா கட்டுனதில்ல."

"வேற யாரு, உங்க அக்காவா கட்டுனா?"

"சரிகையைப் பாரு. எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு. இது இடதுகைக்காரன் வேலைடா."

வாங்கிப் பார்த்தேன். இருபது வருஷமாக நீ கட்டுகிற ஈயில் சரிகை ஒரே பக்கமாகத்தான் ஏறும். இதில் மாறி ஏறியிருக்கிறது. நூலும் கொஞ்சம் தளர்வு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மார்ட்டின் ஜோவுக்கு ஓடிவிட்டது.

"பாரு, பதிலே போடல. திடீர்னு டைப் அடிக்கிறா. ஊருக்கு வர்றதுக்கு அவசரமில்லங்கிறா. இப்ப எவனோ ஈ கட்டித் தர்றான். உங்க அக்கா ஆளு பிடிச்சிட்டாடா!"

ஏரியில் விழுந்துவிடுவேன் போலச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை. யாரக்கா அவன்? 'பார்க்கலாம்' என்று நீ எழுதியது அதனால்தானா? ஆளாக இருந்தால் ஆள் என்று சொல்லிவிடு. உனக்கு நல்லது நடந்தால் நான் ஏன் குறுக்கே நிற்கப்போகிறேன்?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கட்டு தளர்வுதான், ஆனால் மீன் எடுக்கிறது. இந்த வருஷத்து முதல் கடல் ட்ரவுட் மீன் அந்த ஈயில்தான் வந்தது. இரண்டு பவுண்டு.

ஃபெஸ்டஸ்

*

கிளாஸ்கோ
14 ஜூலை 1974

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். உன் கண் கூர்மையான கண். மார்ட்டின் ஜோவின் கண் வேண்டாத கூர்மை.

ஆமாம். ஒருத்தர் இருக்கிறார். பெயர் ஆர்ச்சி. கடிகாரம் பழுது பார்ப்பவர். மனைவி இல்லை. இடதுகைக்காரர். என்னோடு பொழுதைப் போக்க ஈ கட்டக் கற்றுக்கொண்டார். பொறுமைசாலி. ஒரு ஈ கட்ட அரை நாள் ஆகும். கோபம் வராது. நூல் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

அதனால் இந்த வருஷம் நான் ஊருக்கு வர முடியாது. லாம்பர்ட் அம்மாவிடம் சொல்லி வேறு ஆள் பார்க்கச் சொல். உன்னை ஏமாற்றியதற்கு மன்னித்துக்கொள். வேறு யாரிடமும் சொல்லாதே.

நீ தனியாகச் சாப்பிடுவது என் மனத்தில் இருக்கிறது.

அக்கா

*

டெரிவோரா
11 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், ஆனால் ஓய்ந்துபோய் இருக்கிறேன். கடைசியில் மழை பிடித்தது. ஆறு பழுப்பாய்ப் புரண்டு வந்தது. வாயிலில் நின்ற மீன் அத்தனையும் ஒரே நாளில் ஏறி வந்துவிட்டது. விடுதியில் இடமில்லை. க்விக்லி துணி உலர்த்தும் அறையில் படுக்கிறார்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை. மார்ட்டின் ஜோவிடம் மட்டும்தான் சொன்னேன், அதனால் இப்போது கோழி முதல் குருவி வரை எல்லாருக்கும் தெரியும். கீவ்னி சாமியார் கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "கடிகாரக்காரர் நம்ம சபைதானா?" "தெரியல சாமி." "தெரியலன்னா இல்லன்னு அர்த்தம். நான் ஜெபிக்கிறேன்." தினமும் ஜெபிக்கிறாராம்.

உள்ளதைச் சொல்லட்டுமா? முதல் இரண்டு வாரம் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவே இல்லை. மதுக்கடையில் அவரைப் பற்றி ஏதேதோ பேசிவிட்டேன். அப்புறம் யோசித்தேன். முப்பது வருஷம் என் அக்கா யாருமில்லாமல் அந்த ஊரில் இருந்தாள். இப்போது அவளுக்காக ஒருவர் உட்கார்ந்து நூல் சுற்றுகிறார். அது போதாதா? அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். செப்டம்பரில் இருவரும் வாருங்கள். என் படகில் இரண்டு பேர் உட்காரப் புதுப் பலகை போட்டிருக்கிறேன். லாம்பர்ட் அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. மனம் மாறினால் ஆர்ச்சியும் இங்கே கடிகாரம் பார்க்கலாமே! கோயில் மணிக்கூண்டு எட்டு வருஷமாக நான்கேகால் மணியிலேயே நிற்கிறது.

கூட இருக்கும் சீட்டு அவருக்கு. நீ படிக்காதே.

ஃபெஸ்டஸ்

[சீட்டு]

மதிப்புக்குரிய ஆர்ச்சி அவர்களுக்கு,

வணக்கம். நான் சபைனாவின் தம்பி. அவள் அதட்டுவாள், பயப்படாதீர்கள். எதிர்த்துப் பேசினால் இன்னும் அதட்டுவாள்.

அப்பா கடலோடு போனபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு. அம்மா வயல் வேலைக்குப் போய்விடுவாள். என்னைக் குளிப்பாட்டியது, ரொட்டிக்கு மாவு பிசைந்தது, தூண்டில் வீசக் கற்றுத் தந்தது, நான் பொய் சொன்னபோது முதுகில் ஒன்று வைத்தது எல்லாம் அவள் கைதான். குளிரில் அந்தக் கை விறைத்துப்போகும். கையுறை போடச் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் எனக்கு அதுவே போதும்.

ஃபெஸ்டஸ் முல்க்ரோன்

*

கிளாஸ்கோ
1 செப்டம்பர் 1974

தம்பி,

சீட்டைப் படித்துவிட்டேன். அதைக் கொடுப்பதற்கு இங்கே ஆள் இல்லை. ஆர்ச்சி என்று யாரும் இல்லை.

ஏப்ரல் இருபத்துநான்காம் தேதி. சமையலறையில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், கை போகவில்லை. அப்புறம் நானும் விழுந்தேன். ஏழு வாரம் ஆஸ்பத்திரி. பேச்சு திரும்பிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிறேன். வலது கை வரவில்லை. இனி வராது என்கிறார்கள்.

தட்டச்சு மெஷின் நான் வாங்கியதில்லை. வார்டு நர்ஸுடையது. எனக்குக் கடன் கொடுத்து வைத்திருக்கிறாள். ஒரு விரல்தான், நீ சொன்னது சரி. பயிற்சி கொடுக்கிற பெண் இடது கையால் ஏதாவது செய்யுங்கள், பிடித்ததைச் செய்யுங்கள் என்றாள். மிஸஸ் மக்ஃபெயில் என் இறகுப் பெட்டியைக் கொண்டுவந்தாள். கொக்கியை இடுக்கியில் மாட்டி, இறகைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் நூல் சுற்றினேன். முதல் ஈக்கு மூன்று நாள் ஆயிற்று. சரிகை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று நான் பார்க்கவே இல்லை. நீ பார்த்துவிட்டாய்.

நீயும் மார்ட்டின் ஜோவுமாக ஒரு ஆளை உண்டாக்கிக் கொடுத்தீர்கள். எனக்கு அது சுலபமாக இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அன்றே ஏரியை விட்டுவிட்டு வந்து நின்றிருப்பாய். காலை ஆறு மணிக்குப் படகுக்குப் போகிறவன் நீ. வந்து எனக்குச் சட்டைப் பொத்தானா போட்டுக்கொண்டிருப்பாய்? பெண்டாட்டி கட்டாதவன் தலையில் நொண்டி அக்காவை ஏற்ற நான் தயாராக இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. இந்த இரண்டு மாதம் எனக்கு அந்த ஆர்ச்சிதான் துணை. அவர் என்ன சாப்பிடுவார் என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். உன் சீட்டைப் படித்தபிறகு என்னால் தொடர முடியவில்லை. நீ பார்த்துக்கொள்ளச் சொன்ன கை மடியில் கிடக்கிறது.

விடுதியில் பன்னிரண்டு பேருக்கு ஒரு கையால் மாவு பிசைய முடியாது. லாம்பர்ட் அம்மாவைக் காக்க வைக்காதே. எனக்கு இங்கே மிஸஸ் மக்ஃபெயில் கீழ்த்தளத்தில் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் இருந்துகொள்வேன். நீ அழாதே. அழுவாய் என்று தெரியும்.

அக்கா

*

டெரிவோரா
10 செப்டம்பர் 1974

அக்கா,

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை.

தபால்காரன் ஏரிக்கரையில் கொடுத்தான். படகில் வைத்துப் படித்தேன். முன் பலகையில் க்விக்லி, பெரிய மீன் ஒன்று சிக்கியிருக்கிறது. "ஃபெஸ்டஸ், துடுப்பு! துடுப்பைப் போடு!" என்று கத்துகிறார். என் காதில் ஏறவில்லை. படகு போய்ப் பாறையில் உட்கார்ந்தது. மீன் அறுத்துக்கொண்டு போயிற்று. இருபத்தெட்டு வருஷத்தில் நான் பாறையில் ஏற்றியது இதுதான் முதல் தடவை. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். வந்து என் கையிலிருந்த துடுப்பை வாங்கி அவரே கரைக்கு ஓட்டினார்.

ஆமாம், அழுதேன். அப்புறம் உன் மேல் கோபம் வந்தது. நாலரை மாதம்! எனக்கு முழங்கால் வலித்தால் உனக்கு எழுதுகிறேன். நீ விழுந்து கிடந்ததை எனக்கு எழுதவில்லை. பொய் சொன்னதற்கு என் முதுகில் வைத்தவள் நீ, இப்போது உன் முதுகில் யார் வைப்பது?

நேரே விடுதிக்குப் போனேன்.

"அம்மா, சமையலறையை டீலியா ருவேனுக்குக் குடுத்துடுங்க."

"அப்ப உங்க அக்கா வரலையா?"

"வர்றா. ஆனா சமைக்க இல்ல."

"பின்ன எதுக்கு?"

"எதுக்கா? எங்க வீடு அவ வீடுங்க அம்மா."

லாம்பர்ட் அம்மா சீசனின் கடைசி வாரம் எனக்கு லீவு கொடுத்துவிட்டார்கள்.

அக்கா, நான் எப்போதாவது சமையல்காரி வேண்டும் என்று எழுதினேனா? தனியாகச் சாப்பிட முடியவில்லை என்றுதானே எழுதினேன். எதிரே நீ உட்கார்ந்தால் போதும். ஒரு கையால் தின்னு. தட்டைத் தூக்கி எறிவதற்குக்கூட ஒரு கை போதும். பொத்தான் நான் போடுகிறேன். எனக்கு ஆறு வயதில் யார் போட்டார்கள்?

கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கிவிட்டேன். மார்ட்டின் ஜோ வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் கைப்பிடிக் கம்பு அடித்துக்கொண்டிருக்கிறான். என் படகையும் அவனே பார்த்துக்கொள்வான். இருபத்தாறாம் தேதி காலை நான் கிளாஸ்கோவில் இருப்பேன். கடல் தாண்டி நான் போனதில்லை. கப்பலில் வாந்தி எடுத்தாலும் எடுப்பேன், வந்துவிடுவேன். நீ வரமாட்டேன் என்றால் அந்தக் கீழ்த்தள அறையில் நானும் இருந்துவிடுவேன். கோழிகளை மார்ட்டின் ஜோ தின்றுவிடுவான், பரவாயில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. ஊரே ஆர்ச்சி எப்போது வருகிறார் என்று கேட்கிறது. சாமியார் வேறு ஜெபத்தை நிறுத்தவில்லை. நிமோனியாவில் போய்விட்டார் என்று சொல்லிவிடட்டுமா?

உன் தம்பி
ஃபெஸ்டஸ்

*

கிளாஸ்கோ
17 செப்டம்பர் 1974

தம்பி ஃபெஸ்டஸுக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தேன், இப்போது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எழுத்தைப் பார்த்து ஏதாவது சொன்னாயானால் வரமாட்டேன்.

வா. பெட்டி ஒன்றுதான், கனம் இல்லை. கப்பல் ஏறுவதற்கு முன்னால் வயிறு முட்டத் தின்னாதே. சவரம் செய்துகொண்டு வா, மிஸஸ் மக்ஃபெயில் பார்ப்பாள்.

டீலியா ருவேன் சமைக்கட்டும். ஆனால் அவளுக்கு உப்புக் கை. நான் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயாலேயே சமைத்துவிடுவேன் என்று சொல்லிவை.

ஆர்ச்சிக்கு நிமோனியா வேண்டாம். இல்லாதவருக்குச் சாமியார் பூசை வைத்துவிடுவார், அந்தப் பாவம் நமக்கு எதற்கு? கல்யாணத்துக்குக் கேட்டார், சபைனாதான் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று சொல். ஐம்பத்தாறு வயதில் என்னையும் ஒருவர் கேட்டார் என்று ஊருக்குள் இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அக்கா
சபைனா